இராட்டையின் பின்னிருந்த கைகள்

காந்தியடிகளின் படங்களுள் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது, அவர் இராட்டையின் முன் அமர்ந்திருக்கும் படமே எனலாம். அந்த இராட்டை அவர்முன் வந்து சேர்ந்த வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. 1909ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவிற்குத் திரும்பும் கப்பலில் அமர்ந்து இந்திய சுயராஜ்யம் என்னும் நூலை அவர் எழுதினார். இந்தியாவின் வறுமைக்குக் கைத்தறியே மருந்து என்று அந்நாளிலேயே அவர் கருதினார். ஆயினும் அதுவரை கைத்தறியையோ இராட்டையையோ கண்ட நினைவு தமக்கில்லை என்று பின்னாளில் தம் வரலாற்றில் அவரே குறிப்பிடுகிறார். 1915இல் தாயகம் திரும்பியபோதும் அவர் இராட்டையைக் கண்ணால் கண்டிருக்கவில்லை.

எண்ணம் அவருடையது. அவ்வெண்ணம் நூலாகவும் துணியாகவும் மாற வேண்டுமானால், பருத்தியைத் தொட்டறிந்த, கதிரின் கோணலை நிமிர்த்தத் தெரிந்த, பாவு அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிடப் பழகிய கைகள் வேண்டும். அத்தகைய கைகள் பலருடையவை. அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவை மகன்லால் காந்தியின் கைகள்.

பொருள் தேடிப் புறப்பட்டவர்

மகன்லால் 1883ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் குஷால்சந்த் காந்தி; அவர் காந்தியடிகளுக்குச் சிற்றப்பன் பெரியப்பன் மக்கள் என்னும் முறையில் சகோதரராவார். ஆகவே, நம் நாட்டு உறவுமுறைப்படி மகன்லால் அடிகளுக்கு மகன் முறையினர். அப்பெயரின் முற்பகுதி தமிழ்ச் செவிக்கு அவ்வாறே ஒலிப்பது தற்செயலான பொருத்தம்.

1903ஆம் ஆண்டளவில் அடிகளைப் பின்தொடர்ந்து அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். நாட்டுத் தொண்டு செய்வதற்காக அவர் சென்றாரல்லர். கத்தியவார்ப் பகுதியின் வணிகக் குடும்பத்து இளைஞர் பலரைப் போலக் கடல் கடந்து பொருளீட்டவே சென்றார். நேட்டால் மாநிலத்தில் கடை வைத்து வணிகமும் தொடங்கினார். ஓராண்டிற்குச் சற்று மேல் கழிந்திருக்கும். அதற்குள் அடிகளிடமிருந்து வேறோர் அழைப்பு வந்தது.

டர்பன் நகரிலிருந்து 14 மைல் தொலைவில், ஃபீனிக்ஸ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்தில் 1904இல் அடிகள் ஒரு குடியிருப்பை அமைத்தார். இந்தியன் ஒப்பீனியன் இதழின் அச்சகம் அங்கு மாற்றப்பட்டது. அங்கு வாழ்வோர் அனைவரும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். யாவருக்கும் ஒரே அளவான ஊதியம். அது மாதம் 3 பவுன் மட்டுமே. பொருள் சேர்க்க வந்த இளைஞருக்கு இவ்வழைப்பில் ஈர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் மகன்லால் கடையை விட்டுவிட்டு ஃபீனிக்ஸுக்கு வந்தார். அதன்பின் தம் வாழ்நாள் முழுவதும் அவர் வணிகத்தின் பக்கம் திரும்பவில்லை.

அச்சுக்கோத்தல் அங்குள்ள எல்லாரும் கற்க வேண்டிய தொழிலாக இருந்தது. பலருக்கு அது கைவரவில்லை. அடிகளுக்கே அதில் தேர்ச்சி குறைவுதான். அதற்கு முன் அச்சகத்தில் கால் வைத்தறியாத மகன்லாலோ விரைந்து எழுத்துக் கோப்பதில் வல்லவரானார். அத்துடன் நில்லாமல் அச்சுத்தொழிலின் பிற பிரிவுகளையும் கற்றுக்கொண்டார். ஒரு கருவியைக் கண்டால் அதன் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு இயக்குகின்றன என்று நோக்கும் இயல்பு அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. பிற்காலத்தில் தறியும் இராட்டையும் அவர் கையில் பணிந்ததற்கு இவ்வியல்பே அடிப்படையாகும்.

ஒரு சொல்லும் ஒரு போராட்டமும்

தென்னாப்பிரிக்க இந்தியரின் அறப்போராட்டத்திற்குப் பொருத்தமான பெயர் ஒன்று வேண்டுமென இந்தியன் ஒப்பீனியன் இதழ் அறிவித்து, அதற்குச் சிறு பரிசும் குறித்தது. நற்செயலில் உறுதியாக நிற்றல் என்னும் பொருளில் சதாக்கிரகம் என்ற சொல்லை மகன்லால் அமைத்துத் தந்தார். பொருள் மேலும் தெளிவுபெற வேண்டி அடிகள் அதனைச் சத்தியாக்கிரகம் என்று திருத்தினார். உலகறிந்த அச்சொல்லின் முதல் வடிவம் இவருடையது என்பது பலரும் அறியாத செய்தி.

1913இல் போராட்டம் உச்சநிலையை அடைந்தபோது ஃபீனிக்ஸ் குடியிருப்பினர் எல்லை கடந்து சிறை புகுந்தனர். கஸ்தூரிபாய் அம்மையாருடன் சென்ற பெண்களுள் மகன்லாலின் மனைவி சந்தோக்கும் ஒருவர். நம் தில்லையாடி வள்ளியம்மை உயிர் ஈந்த போராட்டமும் இதுவே. மகன்லால் சிறை செல்லவில்லை. இதழ் தடையின்றி வெளிவர வேண்டும். பெற்றோர் சிறையிலிருக்கும் பிள்ளைகளைப் பேண வேண்டும். அவ்விரு பொறுப்புகளும் அவர்மேல் விழுந்தன. சிறை சென்றோர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அடுப்பு அணையாமல் காத்தவர் பெயர் அவ்வளவாக நிற்பதில்லை. மகன்லாலின் வாழ்வு நெடுகிலும் இத்தகைய பணியே அமைந்தது.

போராட்டம் முடிந்தபின் ஃபீனிக்ஸ் மாணவர் குழுவை இந்தியாவிற்கு அழைத்துவந்தவர் அவரே. அடிகள் இங்கிலாந்து வழியாக வந்து சேரும்வரை, அக்குழுவினர் முதலில் ஹரித்துவாரை அடுத்த காங்கடி குருகுலத்திலும், பின்னர்த் தாகூரின் சாந்திநிகேதனத்திலும் தங்கினர். அங்கும் அவர்கள் ஃபீனிக்ஸ் வாழ்க்கை முறையிலிருந்து வழுவாமல் இருந்ததற்கு மகன்லாலின் கண்டிப்பே காரணம்.

சென்னைப் பயணம்

1915ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப் என்னும் சிற்றூரில் வாடகை வீடொன்றில் சத்தியாக்கிரக ஆசிரமம் தொடங்கப்பெற்றது. சில மாதங்களில் ஆசிரமத்திற்கு ஒரு சோதனை வந்தது. தூதாபாய் என்பவர், அவர் மனைவி தானிபென், தவழும் பருவத்துக் குழந்தை இலட்சுமி ஆகியோர் அடங்கிய குடும்பம் ஆசிரமத்தில் சேர விரும்பியது. அவர்கள் தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட வகுப்பினர். அடிகள் மகிழ்ச்சியுடன் ஏற்றார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து உடனே கிளம்பியது. பொதுக் கிணற்றில் நீர் இறைப்பவன் வசைபாடினான். பொருளுதவி செய்துவந்தோர் கையை மூடிக்கொண்டனர். கணக்கைக் கவனித்துவந்த மகன்லால் ஒருநாள் அடிகளிடம் வந்து, கையிருப்புத் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதச் செலவிற்கு ஒன்றுமில்லை என்று தெரிவித்தார். அப்படியானால் தீண்டாதார் வாழும் சேரிக்கே குடிபெயர்வோம் என்று அடிகள் அமைதியாக விடையளித்தார். பெயர் வெளியிட விரும்பாத செல்வர் ஒருவர் 13,000 ரூபாயைக் கொணர்ந்து கொடுத்துச் சென்றதால் அந்த நெருக்கடி நீங்கிற்று.

வெளியிலிருந்த எதிர்ப்பைவிட உள்ளேயிருந்த எதிர்ப்பே கொடியது. தூதாபாய் குடும்பத்துடன் ஒரே சமையலறையில் கலந்து வாழச் சந்தோக்கின் மனம் இடந்தரவில்லை. கஸ்தூரிபாய் அம்மையாருக்கும் அதே நிலைதான். இவர்கள் இருவரும் இந்தியரின் உரிமைக்காக அயல்நாட்டுச் சிறையில் வாடியவர்கள். வெள்ளையர் தம்மை இழிவாக நடத்தியதைப் பொறாதவர்களுக்கும், தம்மவருள் ஒரு பகுதியினரைச் சமமாக ஏற்பது எளிதாக இருக்கவில்லை. பழக்கத்தின் வேர் அவ்வளவு ஆழமானது. மகன்லாலும் அத்தயக்கத்திலிருந்து முழுமையாக விடுபட்டவராக அப்போது இல்லை. கணவனும் மனைவியும் ஆசிரமத்தை விட்டு நீங்கும் நிலை உருவாயிற்று.

அடிகள் அவர்களை விலக்கிவிடவில்லை; கொள்கையைத் தளர்த்தவுமில்லை. சில மாதங்கள் சென்னைக்குச் சென்று நெசவு கற்றுவருமாறு அவர்களை அனுப்பினார். இம்முடிவின் நுட்பம் எண்ணத்தக்கது. அந்நாளில் குஜராத்தில் நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த வகுப்பினர் பலர் தீண்டாதாராகவே நடத்தப்பட்டனர். உயர்குலம் எனப்பட்டோர் உடுத்திய துணியை அவர்கள் நெய்தனர். ஆனால் அவர்கள் நிழலும் படலாகாது என்பது வழக்கு. அத்தொழிலைக் கையால் கற்கும் ஒருவர், அத்தொழிலாளரைக் குறித்துத் தாம் அதுவரை எண்ணிவந்ததை மறுபடியும் எண்ணிப் பார்க்காமல் இருத்தல் அரிது.

நெசவு சில நாளில் கைவரும் தொழிலன்று. பாவு நூலை நீளமாக ஓட்டி, கஞ்சியிட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். ஒவ்வோர் இழையையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் முறை மாறாமல் கோக்க வேண்டும். தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து மிதியை மாற்றி மாற்றி அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரிந்து வழிவிடும். அவ்வழியே ஊடை நூல் சுற்றிய நாடா பாய வேண்டும். பாய்ந்தவுடன் பலகை அதனை இறுக்க வேண்டும். காலும் கையும் கண்ணும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் துணி சீராக வளரும். ஓரிழை அறுந்ததைக் கவனியாமல் விட்டால் முழம் முழமாகப் பழுது தொடரும். எழுதிப் பழகிய கைக்கு இது புதிய எழுத்தறிவு.

மகன்லாலும் சந்தோக்கும் சென்னையில் தங்கி நெசவைத் திறம்படக் கற்றனர். ஆழ எண்ணித் தீண்டாமை எண்ணத்தையும் தம் நெஞ்சிலிருந்து அகற்றிவிட்டே ஆசிரமம் திரும்பினர். தூதாபாயின் மகள் இலட்சுமியைக் காந்தியடிகள் பின்னர்த் தம் மகளாகவே ஏற்று வளர்த்தார்.

தறி வந்தது, நூல் எங்கே?

ஆசிரமத்தில் சில தறிகள் நிறுவப்பட்டன. அங்கிருந்தோர் படித்தவர்கள், வணிகர்கள். பரம்பரைத் தொழிலாளர் ஒருவருமில்லை. பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாசிரியர் வரவழைக்கப்பட்டார். அவர் தம் கலை முழுவதையும் சொல்லித்தர முன்வரவில்லை. தொழில் நுணுக்கத்தைத் தம் குடிக்குள்ளேயே காத்துவந்த ஒரு கைவினைஞரின் அச்சம் அது. அதனைப் பெருங்குற்றமாகக் கொள்வதற்கில்லை. மகன்லால் சோர்ந்துவிடவில்லை. சொல்லாததைப் பார்த்தும், பார்த்ததைச் செய்தும், செய்ததில் தவறியதைத் திருத்தியும் நெசவின் எல்லா நிலைகளிலும் தேர்ந்தார். பின்னர் அவரிடமிருந்து ஆசிரமத்தினர் ஒருவர்பின் ஒருவராகக் கற்றனர்.

தம் கையால் நெய்த துணியையே உடுத்துவது என்பது ஆசிரமத்தின் உறுதி. ஆலைத் துணியை அவர்கள் அறவே விலக்கினர். ஆனால் தறிக்கு வேண்டிய நூல் ஆலைகளிலிருந்தே வந்தது. நெசவாளரின் துயரத்திற்கும் அதுவே காரணம் என்பதைத் தறியில் அமர்ந்தபின்தான் அவர்கள் உணர்ந்தனர். நூல் கிடைப்பதில் தட்டுப்பாடு, அதில் நடந்த ஏமாற்று, அதனால் ஏறிக்கொண்டே போன கடன் ஆகியவை நெசவாளர் குடும்பங்களை அழுத்தின. நூலுக்கு ஆலையை நம்பியிருக்கும்வரை கைத்தறியும் ஆலையின் நிழலில்தான் வாழ முடியும். கையால் நூற்றாக வேண்டும். ஆனால் நூற்பதற்கு இராட்டை எங்கே? அதனை இயக்கக் கற்றுத் தருவோர் எங்கே?

1917இல் பரோச் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தார் என்னும் பெண்மணியை அடிகள் சந்தித்தார். அவர் கைம்பெண், பெருந்துணிவு உடையவர், குதிரையேறித் தனியே ஊர்ப்பயணம் செய்யக்கூடியவர். இராட்டையைத் தேடித் தரும் பொறுப்பை அவர் ஏற்றார். நெடுநாள் அலைந்தபின் பரோடா அரசைச் சேர்ந்த விஜாப்பூரில் வீட்டுப் பரண்களில் கிடந்த இராட்டைகளைக் கண்டார். பாட்டிமார் காலத்தில் சுழன்று, கேட்பாரின்றி மேலே ஏற்றப்பட்ட கருவிகள் அவை. பஞ்சுப் பட்டை தந்து, நூற்ற நூலை விலைக்கு எடுத்துக்கொள்வதானால் மீண்டும் நூற்கிறோம் என்று அவ்வூர்ப் பெண்கள் கூறினர். வேலையில்லை என்பதனாலேயே ஒரு கலை பரணேறியிருந்தது.

முதலில் உமர் சோபானி என்னும் ஆலையதிபர் தம் ஆலையிலிருந்து பட்டைகளை அனுப்பினார். விஜாப்பூரிலிருந்து நூல் குவிந்தது. ஆலைப் பட்டையில் நூற்பதும் ஆலையைச் சார்ந்திருப்பதே என்ற எண்ணம் அடிகளை உறுத்தவே, பஞ்சு கொட்டும் தொழிலாளி ஒருவர் மாதம் 35 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தப்பட்டார். இலட்சுமிதாஸ் என்பவர் லாட்டி என்னும் ஊரிலிருந்து இராம்ஜி என்னும் நெசவாளரையும் அவர்தம் மனைவி கங்காபென்னையும் ஆசிரமத்திற்கு அழைத்துவந்தார். இவ்வாறு பஞ்சு கொட்டியவர், நூற்றவர், நெய்தவர் எனப் பலர் கை சேர்ந்தபின் முதல் கதர்த்துணி உருவாயிற்று. அதன் அடக்கவிலை கெஜம் 17 அணா. முரட்டுத் துணிக்கு அது மிகையான விலைதான். ஆயினும் அடிகள் தம் நண்பர்களிடம் அவ்விலைக்கே வாங்குமாறு வேண்டினார்.

இழையின் இலக்கணம்

இதற்கிடையில் கோச்ரப்பில் கொள்ளைநோய் பரவியதால், 1917இல் ஆசிரமம் சபர்மதி ஆற்றங்கரைக்கு மாறியது. கட்டடமோ மரநிழலோ இல்லாத, பாம்புகள் மிகுந்த வெட்டவெளி அது. அடிகள் சம்பாரண் உழவர் போராட்டத்தில் ஈடுபட்டிருந்தமையால், ஆசிரமத்தை உருவாக்கிய உழைப்பு பெரிதும் மகன்லாலுடையதாயிற்று. வீடுகளும் கிணறும் வயலும் தொழிற்கூடமும் அவர் மேற்பார்வையில் எழுந்தன.

அத்தொழிற்கூடத்தில் இராட்டை ஆராயப்பட்டது. பழைய இராட்டையை அப்படியே மீட்டெடுத்து வணங்குவதோடு மகன்லால் நின்றுவிடவில்லை. சக்கரம் ஒருமுறை சுழன்றால் கதிர் எத்தனை முறை சுழல்கிறது, மால் கயிறு ஏன் நழுவுகிறது, கதிர் சிறிது வளைந்திருந்தால் நூல் ஏன் அறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்து திருத்தினார். இராட்டைகளும் அவற்றின் உறுப்புகளும் ஆசிரமத்திலேயே செய்யப்பெற்றன.

கைந்நூலைத் தறியில் ஏற்ற நெசவாளர் தயங்கியதற்குத் தக்க காரணம் இருந்தது. ஊடைக்கு வேண்டுமானால் எந்த நூலும் ஒருவாறு பயன்படும். பாவு நூலோ தறியில் இழுத்துக் கட்டப்பட்டு, ஒவ்வொரு மிதிக்கும் உராய்ந்து நிற்பது. முறுக்குக் குறைந்த இடத்தில் அது பிரிந்துவிடும். முறுக்கு மிகுந்த இடத்தில் சுருண்டு முறியும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் அச்சுப் பல்லிலேயே சிக்கும். ஒரு நாள் நெய்ய வேண்டியவர் அரை நாளை முடிச்சிடுவதில் கழித்தால் அவர் வீட்டு உலை எவ்வாறு கொதிக்கும்? நாட்டுப்பற்றால் நூற்றவரின் அரைகுறை நூல், ஏழை நெசவாளரின் கூலியைக் குறைத்தது. தறியில் அமர்ந்து பழகிய மகன்லால் இதனை நன்கறிவார். நூற்போர் தொகை பெருகினால் போதும் என்று பிறர் மகிழ்ந்திருந்த காலத்தில், நூலின் தரமே கதரின் உயிர் என்று அவர் இடைவிடாது வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

நூலின் நயத்தை எண் கொண்டு அளப்பர். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே அந்நூலின் எண். 10ஆம் எண் நூல் ஒரு பவுண்டுக்கு 8,400 கெஜம் நீளும். 20ஆம் எண் நூல் 16,800 கெஜம் நீளும். எண் உயர உயர இழை மெலியும். மெலிந்த இழை அறாமல் நிற்க வேண்டுமானால் நல்ல பருத்தியும், கொட்டையும் தூசும் நீக்கிச் சீராகக் கொட்டிய பஞ்சும், ஒரே அளவான பட்டையும் வேண்டும். நூற்பவர் கையில் வரும் குறைகளுள் பாதி பஞ்சு கொட்டுமிடத்திலேயே பிறந்துவிடும். ஆகவே ஆசிரமத்தில் பயிற்சி பெற வந்தவர் எவரும் இராட்டையிலிருந்து தொடங்கிவிட இயலாது. பருத்தியிலிருந்தே தொடங்க வேண்டும்.

1921இல் விஜயவாடாவில் கூடிய காங்கிரசுக் குழு 20 இலட்சம் இராட்டைகளை நாட்டில் இயங்கச்செய்ய உறுதிபூண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் மதுரையில் அடிகள் மேலாடை துறந்து முழங்கால் அளவான கதர் உடை பூண்டார். நாடெங்கும் கதர் ஒரு வேட்கையாயிற்று. வேட்கை பரவும் வேகத்தில் திறமை பரவுவதில்லை. சபர்மதிக்குத் தொண்டர்கள் வந்து கற்றுத் தம் ஊர் திரும்பினர். நேரில் வர இயலாதவர்க்காக மகன்லால் குஜராத்தியில் சர்க்கா சாத்திரம் என்னும் நூலை எழுதினார். அமெரிக்கரான ரிச்சர்டு கிரெக் என்பவருடன் சேர்ந்து, தக்கிளியில் நூற்கக் கற்பிக்கும் கையேடொன்றை 1926இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தக்கிளி எனப்படுவது ஒரு சிறு கம்பியும் வட்டத் தகடும் மட்டுமே கொண்ட எளிய கருவி. சட்டைப் பையில் அடங்கும். பள்ளிப் பிள்ளையும் வாங்கக்கூடிய விலை. நூற்றலைப் பள்ளிகளுக்குள் கொண்டுசெல்ல அதுவே ஏற்றதாயிற்று.

1924இல் காங்கிரசுப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் அரைமணி நேரம் நூற்று, மாதம் 2,000 கெஜம் நூல் அனுப்ப வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. 10ஆம் எண் நூலாயின் அதன் எடை ஏறத்தாழ கால் பவுண்டு. புகழ்பெற்ற வழக்குரைஞர்களும் தலைவர்களும் அனுப்பிய நூல் பொட்டலங்கள் சபர்மதிக்கு வந்தன. அவற்றைப் பிரித்து, நீளமும் எண்ணும் முறுக்கும் வலிமையும் ஆராய்வது மகன்லாலின் பொறுப்பில் அமைந்தது. இராட்டையின் முன் பதவியும் பட்டமும் செல்லுபடியாவதில்லை. இழை அறுந்தால் அறுந்ததுதான். நூலை எவ்வாறு சிட்டமிட வேண்டும், நீர் தெளித்து எவ்வாறு பதப்படுத்த வேண்டும் என்பன போன்ற அறிவுரைகளை அவர் சலிக்காமல் வழங்கிவந்தார். 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியபின்பும் இத்தொழில்நுட்பப் பணி தொடர்ந்தது.

கண்டிப்பும் இழப்பும்

மகன்லால் எல்லாராலும் விரும்பப்பட்டவர் என்று எழுதினால் அது உண்மைக்கு மாறாகும். விடியுமுன் எழுதல், குறித்த நேரத்தில் குறித்த வேலை, கணக்கில் பிழையின்மை ஆகியவற்றில் அவர் சிறிதும் விட்டுக்கொடுத்ததில்லை. தம்மிடம் எதிர்பார்த்ததையே பிறரிடமும் எதிர்பார்த்தார். அவர் கடுமை குறித்து ஆசிரமத்தினர் சிலர் அடிகளிடம் முறையிட்டதும் உண்டு. அடிகள் நாடு முழுவதும் சுற்றுபவர். அன்பு காட்டும் வாய்ப்பு அவருக்கு. அன்றாடம் உடனிருந்து வேலை வாங்கும் கடமை மகன்லாலுக்கு. ஆசிரமம் பெரிதும் மகன்லாலின் ஆக்கமே என்பதை அடிகள் குறை கூறியோர்க்கு நினைவூட்டிவந்தார்.

1928ஆம் ஆண்டு மகன்லாலின் மகள் ராதா, பீகாரில் பெண்களை முடக்கியிருந்த திரைமறைவு வழக்கத்திற்கு எதிரான பணியில் ஈடுபட்டிருந்தார். அதனை ஒட்டி அங்குச் சென்ற மகன்லால் காய்ச்சலுற்றார். சில நாள் நோயில் கிடந்து, ஏப்ரல் 23ஆம் நாள் பாட்னாவில் காலமானார். அகவை ஐம்பதையும் எட்டாத இறப்பு அது.

செய்தி கேட்ட அடிகள் தம் இதழில் எழுதிய இரங்கலுரை, அவர் எழுதியவற்றுள் மிகவும் உருக்கமானது எனலாம். தமக்குப்பின் தம் பணிகள் அனைத்திற்கும் உரியவர் என்று தாம் தேர்ந்து வைத்திருந்தவர் போய்விட்டதாக அதில் அவர் எழுதினார். கணவரை இழந்த சந்தோக்கின் துயரினும் தம் துயர் பெரிது என்றும் குறித்தார். தாம் இட்ட திட்டங்களைச் செயலாக்கிய கையும் காலும் கண்ணும் அவரே என்பதை மறைக்காமல் உலகிற்கு அறிவித்தார்.

அவர் விட்டுச்சென்ற வேலை நிற்கவில்லை. குறைந்த விலையில் மிகுந்த நூல் தரும் இராட்டையை அமைப்போர்க்கு ஓரிலட்சம் ரூபாய் பரிசு என நூற்போர் சங்கம் 1929இல் அறிவித்தது. குறித்த நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்து அப்பரிசைப் பெற்றவர் எவருமிலர். மகன்லாலின் தமையன் சகன்லாலின் மகன் பிரபுதாஸ், காலால் மிதித்து இயக்கும் இராட்டையொன்றை உருவாக்கினார். சக்கரத்தைச் சுழற்றக் கை தேவையின்மையால், இரண்டு கதிர்களில் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் நூற்க அதில் இயலும். அதற்கு மகன் இராட்டை என்று பெயரிட்டனர்.

அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் 1934இல் தொடங்கப்பட்டபோது, அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய நிலத்தில் அச்சங்கத்தின் தலைமையிடம் அமைந்தது. அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. நாட்டின் கைத்தொழில்களையும் கருவிகளையும் மக்கள் காணும்பொருட்டு அங்கேயே ஓர் அருங்காட்சியகமும் எழுப்பப்பட்டது. மகன் சங்கிரகாலயம் என்னும் அதனை 1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் காந்தியடிகள் திறந்துவைத்தார். சபர்மதியில் மகன்லால் குடும்பத்துடன் வாழ்ந்த இல்லம் மகன் நிவாசம் என வழங்குகிறது. இன்று அங்கு இராட்டைகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.